பச்சை அடித்த கிணறு

சுப்பம்மாவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் முதிரையடியில் யாரைக் கேட்டாலும் நடந்ததைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள். சுப்பம்மாவைக் கேட்டால் அவரும் அப்படியே சொல்வார். நடந்தது நடந்தபடி தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் பங்கை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெயரூபி. கிணறுகளில் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது என் வேலை. வன்னியில் கிட்னி வருத்தம் வீடு வீடாக ஏறத் தொடங்கிய பிறகு முளைத்த வேலை இது. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவேன். கிணற்றில் வாளியை விட்டு, அந்தத் தண்ணீராலேயே போத்தலை மூன்று தரம் அலசி, நிரப்பி, மூடி, வீட்டுக்காரரின் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். தண்ணீர் எடுக்கிறவள் வாளியைத் தன் கையாலேயே விட வேண்டும் என்பது முதல் விதி. பயிற்சியில் அதைப் பத்துத் தரம் சொன்னார்கள். எட்டாம் தரம் நான் கொட்டாவி விட்டது ஞாபகம் இருக்கிறது.

முதிரையடி நெளுக்குளத்தைத் தாண்டி மண்ரோட்டில் உள்ளே கிடக்கிற குடியேற்றம். நாற்பது வீடுகள். எல்லாரும் மலையகத்திலிருந்து வந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தைவிட்டு அடித்துத் துரத்தப்பட்டபோது சுப்பம்மாவுக்கு ஆறு வயது. லொறியில் தகப்பனின் மடியில் இருந்து வந்தாராம். வந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பீலி எங்கப்பா?" என்பது. தோட்டத்து லய வீடுகளுக்குப் பக்கத்தில் மலையிலிருந்து குழாய் வழியாக எந்நேரமும் கொட்டுகிற தண்ணீருக்கு அங்கே பீலி என்று பெயர். தண்ணீர் என்றால் அது தானாகக் கொட்டும் என்று நினைத்த பிள்ளை. தகப்பன் காட்டைக் காட்டி, "இனி அதுக்குள்ளதான் தேடணும்" என்றாராம்.

தேடிக் கிடைத்தது அடுத்தவர் வீட்டு வளவுக் கிணறு. காடு வெட்டிய கையோடு தகப்பனும் தாயும் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்து வயல்காரர்களிடம் கூலிக்குப் போனார்கள். அந்த வயல்காரர்கள் எங்கள் ஆட்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணி பெற்றவர்கள். என் வீடும் கண்டாவளையில் அப்படியொரு வீடுதான். சுப்பம்மா குடத்தோடு வேலிப் படலைக்கு வெளியே நிற்க வேண்டும். வீட்டுக்காரர் யாராவது வந்து அள்ளி ஊற்றினால் குடம் நிறையும். வராவிட்டால் நிற்பதுதான். ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல், வெகுநேரம் யாரும் வரவில்லை என்று உள்ளே போய்த் தானே அள்ளிவிட்டார். அந்த வீட்டு அம்மா கண்டுவிட்டு ஒன்றும் ஏசவில்லையாம். கயிற்றை அவிழ்த்துச் சாம்பல் போட்டுக் கழுவிக் காயப்போட்டாராம்.

இதைச் சுப்பம்மா என்னிடம் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறும் அதே ஜாதிக் கயிறுதான். வேலைக்கு வருகிறவர்களுக்கு அம்மா தண்ணீர் குடிக்கத் தனியாக ஒரு தகரப் பேணி வைத்திருந்தார், நான் வளர்ந்து சண்டை பிடித்த பிறகுதான் அதை எறிந்தார். எறிந்ததும் நான் ஏதோ உலகத்தையே திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சுப்பம்மாவுக்கு இருபது வயதில் கணபதியோடு கல்யாணம். ஒரே மகள் சுகந்தினி, இப்போது ஜெயபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சண்டையில் எல்லாரும் பட்டதை இவர்களும் பட்டார்கள். அதைப் பற்றிக் கேட்டால் சுப்பம்மா, "எல்லாருக்கும் வந்ததுதானே" என்று அதோடு முடித்துவிடுவார். முகாமிலிருந்து முதிரையடிக்குத் திரும்பி வந்தபோது வளவில் ஒரு கூரைத் தகரம்கூட மிஞ்சவில்லை. கணபதி முதலில் வீடு போடவில்லை. கிணறு வெட்டினார். கூடாரம் போலக் கட்டிய தறப்பாளின் கீழே படுத்துக்கொண்டு, இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, அலவாங்கும் மண்வெட்டியுமாக இருபத்தெட்டு நாள். சுப்பம்மா மேலே நின்று மண் கூடையை இழுத்தார். இருபத்தேழு அடியில் பாறை இடறியது. அதையும் உடைத்து இரண்டடி போனதும் ஊற்றுக் கண் திறந்தது.

முதல் வாளியை அவர்கள் குடிக்கவில்லை. கற்பூரம் காட்டிவிட்டு, ரோட்டால் போன முன்பின் தெரியாத மீன்காரரை மறித்துக் கொடுத்தார்கள். அவர் பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தால் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டு போனாராம். "இருந்தாலும் எங்கட வளவுல வந்து எங்கட தண்ணியக் குடிச்சிட்டுப் போனாரே மிஸ்" என்பார் சுப்பம்மா. நாற்பது வருடத்தில் வன்னிப் பேச்சு அவர் வாயில் ஏறிவிட்டது. சந்தோஷமோ துக்கமோ மிஞ்சும்போது மட்டும் தோட்டத்துப் பேச்சு முன்னுக்கு வரும்.

தண்ணீர் அப்படியொன்றும் திறமான தண்ணீர் அல்ல. சவுக்காரம் நுரைக்காது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும். தேத்தண்ணி மேல் ஆடை மிதக்கும். ஆனால் படலையில் நிற்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைகளில் கணபதி நாலு மைல் சைக்கிள் மிதித்து, வடிகட்டும் நிலையத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் கான் நல்ல தண்ணீர் கொண்டுவருவார். அது சாமிக்கும், வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கும். குசினியில் அடுப்புக்கு எதிர் மூலையில் வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். தாகம் தாங்காமல் செத்தாலும் வீட்டு ஆட்கள் அதில் கை வைக்க மாட்டார்கள்.

நான் முதல் தரம் அங்கே போனது இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆவணியில். அன்று சுப்பம்மாவின் கிணறு பதினேழாவது. வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து பதினாறு கிணற்றில் வாளி இழுத்த கை இரண்டும் விண்விண் என்று வலித்தது. படலைக்குள் நுழையும்போதே சுப்பம்மா ஓடிவந்து கதிரையைத் தூசி தட்டிப் போட்டார்.

"வாங்க மிஸ், இருங்க. வேர்த்து ஒழுகுது."

"கிணத்துத் தண்ணி ஒரு போத்தல் எடுக்க வேணும் அம்மா. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் பாக்கப் போறம், குடிக்க நல்லதோ கூடாதோ எண்டு."

எங்கள் வீட்டில் இவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் அம்மா என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடுவதில் எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை.

"போத்தலைத் தாங்க. நான் நிரப்பித் தாறன்."

"இல்லை அம்மா, நான்தான் அள்ள வேணும்."

"நீங்க ஏன் மிஸ் எங்கட கயித்தைப் புடிச்சு கையை ஊத்தையாக்குறீங்க? இருங்க."

போத்தலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிவிட்டார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? எழும்பிப் போய், "உங்கட கயிறு எனக்கு ஊத்தை இல்லை" என்று வாளியைப் பிடித்திருக்க வேண்டும். கை வலித்தது. கதிரை நிழலில் இருந்தது. நான் இருந்துவிட்டேன். அவர் கிணற்றடிக்குப் போகவில்லை, குசினிக்குள் போனார். கிணற்றுக் கப்பி சத்தம் போடவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. போத்தல் நிரம்பி வந்தது, கூடவே எனக்குக் குடிக்க ஒரு செம்பும் வந்தது. மடமடவென்று குடித்துவிட்டு, "நல்ல தண்ணி அம்மா" என்றேன். அவர் முகம் மலர்ந்து போனது. போத்தலில் 'சுப்பம்மா கணபதி, கிணறு பதினேழு' என்று எழுதி ஒட்டினேன்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. அந்தப் பக்கத்தில் எடுத்த கிணறுகளில் அநேகமானவை கூடாது. பல்லையும் எலும்பையும் அரிக்கிற புளோரைட்டு அளவுக்கு மேல், கடினத்தன்மை அதற்கும் மேல். பதினேழாம் இலக்கம் மட்டும் சுத்தம். ஒரு குறையும் சொல்ல முடியாத அளவுகள். சுற்றிவர எல்லாம் கெட்டிருக்க நடுவில் ஒரு கிணறு மட்டும் இளநீர் மாதிரி எப்படி இருக்கும் என்று அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெயின்ட் தகரத்தோடு போய், கூடாத கிணற்றுக் கட்டுகளில் சிவப்பு வட்டமும் சுப்பம்மாவின் கிணற்றுக் கட்டின் மேல் பச்சை வட்டமும் அடித்துவிட்டு வந்தேன்.

அன்று சுப்பம்மாவுக்கு இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பெருமை பிடிபடவில்லை அவருக்கு. சிவப்பு விழுந்த வீடுகளுக்கெல்லாம் அவரே போய்ச் சொன்னார், குடிக்கிற தண்ணிக்கு இனி எங்கட கிணத்துக்கு வாங்க என்று. அக்கம்பக்கத்து ஏழு குடும்பங்கள் வரத் தொடங்கின. படலையை அவர் கழற்றியே வைத்துவிட்டார். வருகிறவர்கள் காத்து நிற்கக் கூடாது என்று இரண்டாவது கப்பியும் வாளியும் போட்டார். வெளியே நின்று, "சுப்பம்மா அக்கா" என்று கூப்பிடுகிறவர்களை, "உள்ள வந்து அள்ளுங்க, இதென்ன வெளியில நிக்கிறது?" என்று ஏசுவார். பக்கத்து வளவுத் தயாளினிக்கு அப்போது பிள்ளை பிறந்து ஆறு மாதம். அவளுக்குத் தானே குடத்தில் அள்ளிக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

கணபதி வெள்ளிக்கிழமைச் சைக்கிள் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டார். பச்சை அடித்த கிணறு வாசலில் இருக்க, நாலு மைல் மிதிக்க அவருக்கென்ன பைத்தியமா?

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். கொரோனா வந்தது. அது போக எரிபொருள் இல்லாத காலம் வந்தது. நான் வீட்டில் இருந்தேன். முதிரையடியில் கணபதியின் கால்கள் வீங்கத் தொடங்கின. சாப்பாடு பிடிக்கவில்லை, இடுப்பு நாரிக்குள் உளைவு, வயலில் பத்து நிமிடம் நின்றால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் கிட்னி என்றார்கள். கிளினிக்கில் டொக்டர், "என்ன தண்ணி குடிக்கிறனீங்கள்?" என்று கேட்டாராம். சுப்பம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பச்சை அடிச்ச கிணறு சேர். சோதிச்சுக் கடிதமும் தந்திருக்கு" என்றாராம். கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினார். டொக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. வயலுக்கு அடித்த மருந்தைப் பற்றிக் கேட்டார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடியில் கணபதி செத்துப்போனார். கடைசி வாரம் அவருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். தன் கையால் வெட்டிய கிணற்றில் ஒரு பேணி தண்ணீர் கூடுதலாகக் கேட்டு அவர் கெஞ்சியதையும், தான் மறுத்ததையும் சுப்பம்மா எனக்குச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

போன வருடம் தயாளினியின் இரத்தப் பரிசோதனையிலும் கிட்னி பிழை என்று வந்தது. முப்பத்து நாலு வயது. ஒரே தெரு ஒழுங்கைக்குள் இரண்டாவது ஆள் என்றதும் கிளினிக்கிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு எழுதினார்கள், கிணற்றைத் திரும்பப் பாருங்கள் என்று. நான் போனேன். சுப்பம்மா வயலில் நின்றார். வீட்டில் ஒருவரும் இல்லை. வாளியை நானே விட்டேன். நானே இழுத்தேன். மூன்று தரம் அலசி நிரப்பினேன். ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்த்தேன். நாக்கில் உவர்ப்பும் கனமுமாக நின்றது. முன்பு செம்பில் குடித்த தண்ணீர் அப்படி இருக்கவில்லையே என்று அப்போதே தோன்றியது.

முடிவு வந்தபோது புளோரைட்டு இருக்கக்கூடிய அளவைப் போல மூன்று மடங்கு. எங்கள் பொறுப்பதிகாரி குகதாசன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அஞ்சு வருஷத்தில நிலத்தடித் தண்ணி மாறியிருக்கும் ஜெயரூபி. வரட்சியும் வந்தது. அப்பிடியே எழுதிவிடும்."

"ஓம் சேர்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். அவ்வளவு சுகமான பொய்யை யார்தான் வேண்டாம் என்பார்கள்.

சிவப்புப் பெயின்டோடு முதிரையடிக்குப் போனேன். சுப்பம்மா முன்போலவே கதிரையைத் தூசி தட்டினார். ஆள் பாதியாகிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை.

"அண்டைக்கு நல்லா இருந்துச்சே மிஸ்? நீங்களே குடிச்சிட்டு நல்ல தண்ணி எண்டு சொன்னீங்களே?"

"அண்டைக்கு எந்தக் கிணத்தில அள்ளித் தந்தனீங்கள் அம்மா?"

"கிணத்துலயா?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உங்களுக்குக் கிணத்துத் தண்ணியக் குடுப்பனா மிஸ்? அவரு வெள்ளிக்கிழமை கொண்டுவாற கான் தண்ணிதான் குடுத்தன்."

"எனக்குக் குடிக்கத் தந்ததைக் கேக்கேல்லை அம்மா. போத்தலுக்குள்ள விட்டது?"

"அதுவும் அதுதான். யாழ்ப்பாணம் போற தண்ணி எண்டீங்க. அங்க பெரிய ஆக்கள் குடிச்சுப் பாத்துத்தான் சொல்லுவாங்க எண்டு நான் நினைச்சன். எங்கட பேரை வேற எழுதி ஒட்டினீங்க. எங்கட பேரோட போற தண்ணி, அதுல படை கட்டினதை விட்டு அனுப்பலாமா? இவங்கட வீட்டுத் தண்ணி இதுதானா எண்டு ஒரு சொல்லு வரக் கூடாதுல்ல?"

கள்ளத்தனம் இல்லை, ஏமாற்று இல்லை. ஆறு வயதிலிருந்து படலைக்கு வெளியே நின்ற ஒரு மனுஷி, எங்கள் ஆட்கள் தன் வீட்டுத் தண்ணீரை வாயில் வைக்கப் போகிறார்கள் என்று நம்பி, வீட்டிலிருந்ததில் திறமானதைக் கொடுத்திருக்கிறார். தன் புருஷனுக்கும் கொடுக்காமல் வைத்திருந்த தண்ணீர் அது.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. அதை நான் கண்ணால் கண்டேன். இப்படியொன்றை யாரும் காணக் கூடாது.

"அப்ப, அந்தக் கான் தண்ணிக்கா பச்சை அடிச்சீங்க?"

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"இவரு இந்தத் தண்ணியத்தானே குடிச்சாரு. தயாளினிப் புள்ளை. ஏழு வீடு." விரல்களை மடக்கிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டார். "அவருக்கு வந்தது இதாலயா மிஸ்?"

"கிட்னி வருத்தம் தண்ணியாலதான் வந்தது எண்டு டொக்டர்மாரே உறுதியாச் சொல்லேல்லை அம்மா. நூறு காரணம் இருக்கும்."

"தண்ணியால இல்லை எண்டும் சொல்லல்லதானே?"

"இல்லை. சொல்லேல்லை."

"நான்தானே குடுத்தன்" என்றார் சுப்பம்மா. அழவில்லை. "என் கையாலதானே அள்ளி அள்ளிக் குடுத்தன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லை அம்மா, பிழை என்னுடையது, வாளியை விட வேண்டியவள் நான், நான் கதிரையில் இருந்துவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும். வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், குகதாசன் சேருக்கு எழுதிக் கொடுத்த கடிதம் ஒரு பக்கம். பேசாமல் பச்சையின் மேல் சிவப்பை அடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இவ்வளவு கோழை நான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் மென்று விழுங்கினேன். சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒரு திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய், முதல் மாதிரியை நான் விதிப்படி எடுக்கவில்லை, எல்லாப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். குகதாசன் சேர் இரண்டு தரம் வாசித்தார். "இதால இப்ப ஆருக்கு என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டுக் கோப்புக்குள் வைத்தார். அது இன்னும் அந்தக் கோப்புக்குள்தான் கிடக்கிறது.

அன்று பின்னேரமே தயாளினிக்குப் போன் எடுத்தேன், முதிரையடி ஆட்களை ஒருக்கால் கூட்ட முடியுமா, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று.

"கிணத்து விஷயமோ மிஸ்? அதுதான் எங்களுக்குத் தெரியுமே" என்றாள். "சுப்பம்மா அக்கா அண்டைக்கே வீடு வீடா வந்து சொல்லிட்டா."

நான் பெயின்ட் அடித்துவிட்டு வந்த அதே நாள், என் மோட்டார் சைக்கிளின் புழுதி அடங்குவதற்குள் சுப்பம்மா புறப்பட்டிருக்கிறார். ஏழு வீட்டுக்கும் போயிருக்கிறார். எந்த வீட்டுக்குள்ளும் ஏறவில்லையாம். படலைக்கு வெளியே நின்று, நான் மிஸ்ஸுக்குப் பிழையான தண்ணியக் குடுத்திட்டன், உங்க எல்லாருக்கும் கூடாத தண்ணியக் குடிக்கத் தந்திட்டன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். தயாளினியின் புருஷன் வாய்க்கு வந்தபடி ஏசியதற்கு, "ஏசுங்க தம்பி" என்று நின்று கேட்டாராம். அதன்பிறகு அந்த வளவுக்குள் ஒருவரும் போவதில்லை. நல்லது பொல்லாததுக்கும் கூப்பிடுவதில்லை. ஜெயபுரத்திலிருந்து சுகந்தினி வந்து தன்னோடு வரச் சொல்லி அழுதிருக்கிறாள். தயாளினியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேணும் என்று இவர் மறுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் தயாளினி முன்னால் நடப்பாளாம், சுப்பம்மா அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் போவாராம். பேசிக்கொள்வதில்லை.

அடுத்த ஞாயிறு பொதுமண்டபத்தில் கூட்டம் போட்டோம். முப்பது பேர் வரை வந்தார்கள். சுப்பம்மா கடைசி வாங்குப் பலகையில், தூணுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். நான் எழும்பினேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வாளியை நான்தான் விட வேண்டும் என்பது விதி, நான் விடவில்லை என்றேன். எங்கே எடுத்த தண்ணீர் என்று ஒரு சொல் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றேன். சுற்றிவர எல்லாம் சிவப்பாக இருக்க ஒன்று மட்டும் பச்சையானபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்றேன். "சுப்பம்மா அம்மாவில ஒரு பிழையும் இல்லை. கணபதி ஐயாவுக்கும் தயாளினிக்கும் நான்தான் பதில் சொல்ல வேணும்" என்று சொல்லி முடித்தேன்.

ஏசுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையில் ஏசமாட்டார்களா என்று ஏங்கினேன். கிராமச் சங்கத் தலைவர் ஆண்டியப்பன் எழும்பித் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"அப்படியெல்லாம் சொல்லப்படாது மிஸ். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு ஒரு பிழை வராது. எங்கட ஆக்கள்தான் வெளங்காத சனம். தண்ணி கேட்டா எந்தத் தண்ணி எண்டு தெரிய வேணாமா?"

"இல்லை ஐயா, உண்மையாத்தான்—"

"எங்களுக்குத் தெரியும் மிஸ்." இது தயாளினி. முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அக்காவைச் சனம் ஒதுக்கி வச்சிருக்கு எண்டு உங்களுக்குப் பாவமாப் போச்சு. அதுதான் பழியை நீங்க எடுக்கிறீங்க. உங்கட மனசு பெரிய மனசு."

பலர் தலையாட்டினார்கள். ஒரு பெண் எழும்பி வந்து எனக்கு ஒரு செம்பு தண்ணீர் தந்தாள். நான் கத்தினேன். என் கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். ஆண்டியப்பன் அதை வாங்கி, வாசிக்காமல், மரியாதையாக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு எனக்கு நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

மோட்டார் சைக்கிள் நின்ற இடத்துக்குச் சுப்பம்மா வந்தார். ஆட்கள் விலகிப் போகும்வரை காத்திருந்துவிட்டு வந்தார். என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

"எனக்காக ஒருத்தரும் இப்படி ஒரு பொய் சொன்னதில்லீங்க மிஸ்" என்றார். கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. "செத்தாலும் மறக்க மாட்டேங்க."

"பொய் இல்லை அம்மா. சத்தியமாப் பொய் இல்லை. நீங்களாவது நம்புங்கோ."

"சரிங்க மிஸ். பொய் இல்லீங்க" என்று சொல்லி என் தலையைத் தடவிவிட்டார்.